தண்ணீர் கேட்காத நாட்டுப் பூச்செடி: ஆவாரையா, காந்தளா, டிசம்பரா, தும்பையா?

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருக்கிறது. நாள் முழுக்க வெயில். பங்குனி பிறந்தால் போர் மோட்டார் தண்ணீரை விடக் காற்றைத்தான் அதிகம் இழுக்கிறது. ஆனாலும் வாசலில் ஏதாவது பூக்க வேண்டும் என்று மனசு கேட்கிறது. கரூர், விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து வீடுகளுக்கு இது எப்போதும் உள்ள பாடு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, குடிக்கவே லாரியை எதிர்பார்த்து நின்றபோது சென்னைக்கும் அது புரிந்தது.

நர்சரிக்குப் போய்த் தண்ணீர் அதிகம் கேட்காத செடி வேண்டும் என்றால் காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி ஆகிய மூன்றில் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மூன்றும் வெயில் தாங்கும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து. வந்த செடிகள் எல்லாம் கெட்டவை என்று சண்டை போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் நம் கரட்டிலும் புறம்போக்கிலும் ரோட்டோரத்திலும் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் காலங்காலமாகப் பூத்துக்கொண்டிருக்கிற செடிகளை விட்டுவிட்டு, காசு கொடுத்து இவற்றை வாங்குவது ஏன் என்பதுதான் என் கேள்வி.

நாட்டுச்செடி என்றாலே வறட்சி தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடிதான். நான்கு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் தலை தொங்கிவிடும். ஆகவே இரண்டு குணமும் சேர்ந்த செடிகளாகப் பார்த்து நான்கை எடுத்துக்கொள்கிறேன்: ஆவாரை, செங்காந்தள், டிசம்பர் பூ, தும்பை. எருக்கைப் பற்றியும் கடைசியில் இரண்டு வார்த்தை.

வறட்சி தாங்குவது என்பது ஒரே குணம் இல்லை. ஆவாரை வேரை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கோடை முழுக்கப் பச்சையாக நிற்கும். காந்தள் மேலே எல்லாவற்றையும் காயவிட்டு, மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக்கொள்ளும். தும்பை விதையைக் கொட்டிவிட்டுச் செத்தே போகும். டிசம்பர் இலையைச் சுருக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். நான்குமே அடுத்த மழைக்குப் பூக்கும். ஆனால் சித்திரை மாதம் வாசலில் நின்று பார்த்தால் நான்கும் நான்கு விதமாக இருக்கும். எந்தச் செடி என்று முடிவு செய்வதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் தோட்டம் எப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதம்? பச்சையாக நிற்க வேண்டுமா, வெறும் மண்ணாக இருந்தாலும் சரியா?

ஆவாரை

என் ஓட்டு பெரும்பாலான வீடுகளுக்கு இதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை நம்பி அல்ல. மண் எப்படி இருந்தாலும் வருகிற செடி இது. செம்மண், சரளை, சுக்கான் கல் கலந்த மண், களர் நிலம், வீடு கட்டி முடித்த பிறகு சிமெண்டும் செங்கல் பொடியும் கலந்து கிடக்கிற மண் எதிலும் சமாளிக்கும். புது வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய நன்மை. அந்த மண்ணில் ரோஜா வைத்துவிட்டு ஆண்டுக்கணக்காக எருவுக்குச் செலவு செய்பவர்கள் உண்டு.

நான்கைந்து அடி உயரப் புதர். விட்டால் ஆள் உயரத்துக்கு மேலும் போகும். மழைக்குப் பிறகு கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ, மற்ற மாதங்களில் விட்டுவிட்டுப் பூக்கும். ஆடு மாடு பொதுவாகச் சீண்டாது என்பதால் வேலி இல்லாத வாசலுக்கும் ஆகும். பட்டையைத் தோல் பதனிட வெட்டியதும், தழையை வயலுக்கு உரமாகப் போட்டு மிதித்ததும் பழைய கதை. இன்றைக்கும் கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூ வேண்டும். போகியன்று சந்தையில் கட்டு விற்பதை வாங்குவதற்குப் பதில் சொந்த வாசலில் பறித்துக்கொள்ளலாம். குளியல் பொடிக்கு, கூட்டுக்கு, டீக்கு என்று பூவைப் பறிக்கிறவர்களுக்கும் ரோட்டோரத்துப் புழுதிப் பூவை விட வீட்டுப் பூ மேல். ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பூவில் தேன் கிடையாது. மகரந்தம்தான் கூலி. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருந்தேனீ, நாம் கருவண்டு என்று சொல்வது, பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். பக்கத்தில் நின்றால் 'ர்ர்ர்' என்று ரீங்காரம் மாறுவது காதில் விழும். அடை கட்டும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சிகள் இதன் இலையில்தான் முட்டையிடும். புழுக்கள் சில வாரம் இலையைத் தின்று செடியை மொட்டையடித்துவிடும். மருந்து அடிக்கத் தோன்றும். அடிக்க வேண்டாம், மறுபடி தழைத்துவிடும். அந்தக் காட்சியைப் பொறுக்க முடியாதவர்கள் ஆவாரை வைக்காமல் இருப்பதே நல்லது.

இதற்குக் குறைகளும் உண்டு. காய்க்கும் காலத்தில் பார்க்க அழகாக இருக்காது. தட்டையான காய்கள் காய்ந்து பழுப்பாகத் தொங்கி, காற்றடித்தால் சலசலக்கும். நான்கைந்து வருடத்தில் அடிப்பக்கம் குச்சி குச்சியாகி, மேலே மட்டும் இலை நிற்கும். வருடம் ஒருமுறை பூ ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று சொல்வார்கள். இந்தச் சாதியில் பொதுவாக வேர்முடிச்சு வருவதில்லை, அந்த ஆசையோடு வைக்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பூப்பூக்கிற உறவுக்காரச் செடிகள் ஏராளம், நர்சரியில் எல்லாவற்றையும் ஆவாரை என்றே சொல்லிவிடுவதுண்டு. இவற்றில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற மரம்தான் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. பேயாவரை எனப்படும் செடியின் விதை நஞ்சு. அசல் ஆவாரையைக் கண்டுபிடிக்க இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது மடல் மாதிரி வட்டமான சிறு இலைச்செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய் காகிதம் போல மெல்லிசாகத் தட்டையாக இருக்கும். இரண்டும் இருந்தால் அதுதான்.

உண்மையில் நர்சரிக்கே போக வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் ரோட்டோரப் புதரில் காய்ந்த காயை ஒரு பை பறித்து வந்தால் தெருவுக்கே விதை ஆகும். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் பெரும்பாலும் முளைக்காமல் கிடக்கும். சிமெண்டுத் தரையில் நாலு தேய் தேய்த்தோ, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டோ விதைக்க வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டு, முளைத்ததில் திடமானதை வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து நாலடியாவது தள்ளிப் போடுங்கள்.

செங்காந்தள்

அழகுக்குப் போட்டி வைத்தால் மற்ற மூன்றும் பக்கத்தில் வர முடியாது. ஆறு இதழும் பின்னால் மடிந்து, அலையலையாக, பச்சையில் தொடங்கி மஞ்சளாகி நுனியிலிருந்து சிவந்துகொண்டே வந்து முழுச் சிவப்பில் முடியும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஈழத்தில் கார்த்திகை மாதம் பூப்பதால் கார்த்திகைப் பூ. கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு என்பதால் கலப்பைக் கிழங்கு. விவசாயிகளிடம் கேட்டால் கண்வலிக் கிழங்கு என்பார்கள்.

மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கம் இதை விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். விதையில் இருக்கிற கால்ச்சிசின் என்ற பொருள் மருந்துக்குப் போகிறது, கவுட் எனப்படும் மூட்டு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை அதிலிருந்துதான். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காய் பிடிக்க வேண்டும் என்று காலையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். வீட்டில் பூவுக்காக வளர்ப்பவருக்கு அந்த வேலை இல்லை.

மருந்தாகும் அதே பொருள்தான் நஞ்சும். கிழங்கு, விதை, இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கிழங்கும் விதையும் மிக அதிகம். சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கு என்றோ நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். தின்றவுடன் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி பேதியில் தொடங்கி, அப்புறம் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக ஒத்துழைக்காமல் போகும். இதற்கென்று குறிப்பான மாற்றுமருந்து ஆஸ்பத்திரிகளில் கிடைப்பதில்லை. எனவே கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயதுக் குழந்தை இருக்கிற வீட்டிலும், மண்ணைத் தோண்டுகிற நாய் இருக்கிற வீட்டிலும் இந்தச் செடி வேண்டாம். உயரத்தில் வைத்துக்கொள்கிறேன், கம்பி வலை போட்டுக்கொள்கிறேன் என்ற சமாதானமெல்லாம் எனக்கு ஏற்புடையதில்லை. அரளியும் நஞ்சுதானே, அதை வாசலுக்கு வாசல் வைக்கவில்லையா என்று கேட்பார்கள். அரளிக்கு உணவுக் கிழங்கு போன்ற ஒன்று மண்ணுக்குள் இல்லை.

குழந்தையும் நாயும் இல்லாத வீடு என்றால் மேலே படியுங்கள்.

ஆனி, ஆடியில் ஈரம் பட்டதும் கிழங்கிலிருந்து முளை வரும். தென்மேற்கு மழை சிந்தும் ஊரில் புரட்டாசி, ஐப்பசியிலேயே பூத்துவிடும், மற்ற இடங்களில் கார்த்திகை வரை போகும். தை, மாசியில் கொடி காயும். காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். எல்லாப் பூச்செடியும் இப்படி ஒரு வசதி கொடுக்காது: தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிற மாதங்களில் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதே இதற்குச் செய்கிற பராமரிப்பு. ஆனால் அந்த ஐந்து மாதமும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அந்த இடம் காலி என்று நினைத்து யாராவது கடப்பாரையைப் போட்டுவிடாமல் இருக்க ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும்.

விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் கிழங்காக வாங்குவதுதான் வழி. காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வருவதை விட்டுவிடுங்கள், பயிர் செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். கிழங்கின் இரண்டு நுனியிலும்தான் முளைக்கண் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் அவ்வளவுதான். படுக்கைவாக்கில் நாலு விரல் ஆழத்தில் வைத்து மூடவும். தோட்டக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிட உட்காருங்கள். இலை நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு பிடித்து ஏறும் என்பதால் மெல்லிய குச்சியோ கம்பியோ பக்கத்தில் இருந்தால் போதும். வயல்களில் கிளுவை வேலியில் ஏற்றிவிடுகிறார்கள்.

டிசம்பர் பூ

ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று மார்கழியில் சரம் சரமாகக் கட்டி விற்பார்களே, அதுதான். வாசனை கிடையாது, நிறத்துக்காகவே தலையில் வைப்பது. ஏதோ வெளிநாட்டுச் செடி என்று பெயரை வைத்துப் பலர் நினைக்கிறார்கள். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மலைச்சரிவுகளில் தானாக வளர்கிற செடி இது, கனகாம்பரத்தின் குடும்பம்.

நான்கில் இதுதான் வறட்சியில் பலவீனமானது. சித்திரையில் வாரம் ஒரு குடமாவது கொடுக்காவிட்டால் இலை சுருண்டு, பார்ப்பதற்குச் செத்தது போலவே ஆகிவிடும். மழை வந்தால் துளிர்க்கும், ஆனால் அதுவரை பொறுமை வேண்டும். அப்படி இருந்தும் இதைப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம், ஆவாரையால் முடியாத ஒன்று இதற்கு முடியும்: அரை நிழலில் பூக்கும். மதில் ஓரம், மாமரத்தடி, பக்கத்து வீட்டு மாடி நிழல் விழுகிற சந்து ஆகிய இடங்களில் ஆவாரை நெட்டையாக நீண்டு பூக்காமல் நிற்கும். டிசம்பர் அங்கேதான் கோடையைக் கடப்பதற்கும் வசதியாக இருக்கும்.

வளர்ப்பதும் சுலபம். யார் வீட்டிலாவது ஒரு குச்சியை ஒடித்து மழைக்காலத்தில் ஊன்றினால் போதும். பூ முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். காய் காய்ந்து வெடிக்கும்போது விதை தெறித்து, மறுவருடம் பக்கத்தில் தானாகவே நாற்று இருக்கும்.

இதே சாதியில் மஞ்சள் பூவோடு முள் உள்ள செம்முள்ளி இன்னும் கடினமானது. வெயில், வறட்சி இரண்டிலும் டிசம்பரைத் தோற்கடித்துவிடும். வேலி ஓரத்துக்கு அதுவே பொருத்தம், நடைபாதை ஓரத்துக்கு வேண்டாம். முள் குத்தி வாங்கினால்தான் புரியும்.

தும்பை

சின்னச் செடி, முழங்காலுக்குக் கீழே. வெள்ளைப் பூ. விதை கொட்டின காய்ந்த செடியை ஒரு பிடி கொண்டு வந்து உதறிவிட்டால் வேலை முடிந்தது. மழை பெய்ததும் முளைக்கும், சில வாரத்தில் பூக்கும், சிறு தேனீயும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளும் மொய்க்கும், மாசியில் காயும். தண்ணீர் ஊற்றுகிற கேள்வியே இல்லை. சிவபூசை செய்கிறவர்கள் வீட்டில் வாசலிலேயே பூ.

இதைத் தோட்டச்செடி என்று ஒப்புக்கொள்ள வீட்டில் எல்லோரும் மறுப்பார்கள் என்பதுதான் சிக்கல். களை என்று வேலைக்கு வருகிறவர் சுத்தமாகப் பிடுங்கி வைத்துவிட்டுப் போவார். நான்கு பக்கம் செங்கல் வைத்து இது பாத்தி என்று காட்டினால் தப்பிக்கும். அதே பாத்தியில் விஷ்ணுகிராந்தியும் வரும். தரையோடு படர்ந்து காலையில் கடுகளவு நீலப் பூக்களைத் திறக்கும். நர்சரியில் இதே பெயரில் பெரிய நீலப் பூவோடு தொட்டியில் விற்பது பெரும்பாலும் பிரேசில் நாட்டு உறவுக்காரச் செடி. அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் கேட்கும்.

எருக்கு ஏன் இல்லை

வறட்சியில் எருக்கை அடிக்க ஆள் இல்லை. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட எருக்கைத் தேடி வரும், கருவண்டும் வரும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். வெட்டும்போதெல்லாம் தெறிக்கும். பஞ்சோடு பறக்கிற விதை தெரு முழுக்க முளைக்கும். வீட்டில் எருக்கு முளைப்பதைப் பெரியவர்கள் நல்ல அறிகுறியாக நினைப்பதில்லை என்பது இன்னொரு தலைவலி, வெள்ளெருக்கு என்றால் மட்டும் பிள்ளையாருக்கு என்று விட்டுவிடுவார்கள். உங்கள் மனையில் ஏற்கெனவே முளைத்திருந்தால் ஒரு ஓரத்தில் விட்டுவைக்கலாம். புதிதாக வைக்கச் சொல்ல மாட்டேன்.

தரையா, மாடியா?

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. மேலே ஆவாரைக்குக் கொடுத்த மதிப்பெண் எல்லாம் தரைக்கு. ஆவாரை கோடையைத் தாங்குவது அதன் ஆணிவேர் நாம் ஊற்றுகிற தண்ணீர் போகாத ஆழத்துக்குப் போவதால். தொட்டியில் அந்த ஆழம் இல்லை. பெரிய டிரம்மில் வைத்தாலும் தினம் தண்ணீர் கேட்கிற சாதாரணச் செடியாகிவிடும், குட்டையாகவும் நிற்கும். மாடித் தோட்டத்துக்கு ஆவாரை வேண்டாம்.

காந்தளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தொட்டியில் கிழங்கு வைத்து, மழைக்காலம் முழுக்க மாடியில் பூக்கவிட்டு, கொடி காய்ந்ததும் தொட்டியையே மாடிப்படிக்குக் கீழே நிழலில் நகர்த்திவிட்டு, ஆனி வரை மறந்துவிடலாம். ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். தும்பையும் ஒரு பழைய டப்பில் வரும். டிசம்பரைத் தொட்டியில் வைக்கலாம், ஆனால் கோடையில் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது தண்ணீர் வேண்டியிருக்கும். அப்படியென்றால் நாம் தொடங்கிய நோக்கமே போயிற்று.

தரையில் இடம் இருக்கிறவர்கள் ஆவாரையையும் காந்தளையும் சேர்த்து வைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும், புதர்க்காட்டில் காந்தள் இப்படித்தான் ஏதாவது ஒரு செடியைப் பற்றி ஏறுகிறது. இரண்டுக்குமே கோடையில் தண்ணீர் வேண்டாம் என்பதால் ஒன்றுக்காக மற்றது அழுகாது. மஞ்சளும் சிவப்புமாக ஐப்பசியில் ஒரு மாதம் கண்ணைப் பறிக்கும். ஆனால் டீக்கும் கூட்டுக்கும் ஆவாரம்பூ பறிக்கிற வீட்டில் இந்த ஜோடி கூடாது. பறிக்கிற கையில் காந்தள் இலையும் சேர்ந்து வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். சமையலுக்கு ஒரு புதர், பார்வைக்கு ஒரு புதர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம்

ஆவாரை, டிசம்பர் மாதிரி வருடம் முழுக்க நிற்கிற செடிகளுக்கு வறட்சி தாங்கும் என்ற பேச்சு இரண்டாம் வருடத்திலிருந்துதான். வேர் இறங்குகிற வரை இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கிறவர்களால்தான் ஊர்ச்செடி எனக்கு வரவில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். தை, மாசியில் வெயில் ஏறுகிற நேரத்தில் நட்டு, வறட்சி தாங்கும் செடிதானே என்று விட்டுவிட்டால் ஆவாரைக்கன்றும் காயும்.

தமிழ்நாட்டுக்கு வருடத்துக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை, அதில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில். கரூர், தூத்துக்குடி பக்கம் மொத்தமே 700-க்கும் குறைவு. ஆகவே புரட்டாசிக் கடைசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் விதையையும் குச்சியையும் மண்ணில் வைத்துவிட வேண்டும். மூன்று மாத மழையும் இலவசமாக வளர்த்துக் கொடுக்கும். தையில் கன்று ஒரு சாண் இருந்தால்கூடக் கவலை இல்லை, அதற்குக் கீழே வேர் அதை விட நீளம். ஆவாரைக்கு முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம், அதுவும் சாயங்காலம், தூரைச் சுற்றிக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ பரப்பிவிட்டு. பாத்திரம் கழுவின தண்ணீரே போதும், சோப்பு அதிகம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. எரு கொஞ்சமும் வேண்டாம். கொழுத்த மண்ணில் ஆவாரை இலையாகவே வளர்ந்து பூவைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கோடையில் ஆவாரைக்குக் குழாயைத் திருப்பவே கூடாது. மனசு கேட்காமல் தினம் ஊற்றுகிறவர்கள்தான் ஆவாரையை வேரழுகலில் இழப்பார்கள், அதிலும் தண்ணீர் தேங்குகிற களிமண்ணில்.

இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில், தரையில் இடம், கோடையிலும் பச்சை வேண்டும் என்றால் ஆவாரை. மதில் நிழல் என்றால் டிசம்பர், வாரம் ஒரு குடம் ஒதுக்கிக்கொண்டு. மொட்டை மாடி, குழந்தையும் நாயும் இல்லாத வீடு என்றால் காந்தள். குழந்தை இருக்கிற மாடிக்குத் தும்பை டப். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் தும்பைதான். காலி செய்யும்போது ஒரு பிடி விதையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.